சக்குலன்ட் மண் கலவை: கன்றுக்குச் சரி, இலைக்குச் சரிப்படாது
சக்குலன்ட் (சதைப்பற்றான இலை, தண்டில் தண்ணீரைச் சேமிக்கும்) செடிகளுக்கென்றே ரெடிமேடாக விற்கும் மண் கலவை ஒன்றில் புதுச் செடி வளர்க்க இலை, தண்டு, பக்கக் கன்று (தாய்ச்செடியின் அடியில் முளைக்கும் குட்டிச் செடி) எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தேன். அப்படியே பயன்படுத்த நினைப்பவர்கள் வாங்க வேண்டாம். பாக்கெட்டைப் பிரித்ததுமே தெரிகிறது, பெரும்பகுதி ஈரத்தைப் பிடித்து வைக்கும் கோகோபீட்தான் (தேங்காய் நார்த் தூள்), தண்ணீர் வடிய உதவும் வெள்ளைத் துகளான பெர்லைட் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கிறது.

கற்றாழை, அதைப் போன்ற சின்னச் செடியான ஹாவொர்த்தியா ஆகியவற்றின் கன்றுகளுக்குப் பரவாயில்லை, அவை பெரும்பாலும் சொந்த வேரோடு பிரிந்து வருவதால் சீக்கிரம் பிடித்துக்கொள்கின்றன. ரோஜாப் பூ வடிவில் இலை அடுக்கும் எச்செவேரியாவின் இலைகள்தான் பாவம்! அடிப்பகுதி முழுசாக வரும்படி கவனமாகக் கிள்ளி, காயம் ஆறும்வரை சில நாள் நிழலில் உலர்த்தி வைத்தும்கூட, ஈரம் போகாத இந்தக் கலவையில் நிறைய இலைகள் கண்ணாடி போலாகி அழுகிவிட்டன. அப்புறம் சம அளவு பியூமிஸ் கல் (துளைகள் நிறைந்த இலேசான எரிமலைக் கல்) கலந்தேன். தண்ணீர் உடனே வடிந்தது, அடுத்து வைத்த இலைகளில் ரோஸ் நிற வேர் எட்டிப் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம்.

உறையில் எந்த இலையிலிருந்தும் செடி வரும் என்று போட்டிருக்கிறார்கள், அது தவறு. கற்றாழை இலையை நட்டால் அழுகத்தான் செய்யும். நீண்டு நிமிர்ந்த இலைகள் கொண்ட ஸ்நேக் பிளான்டில் மஞ்சள் விளிம்புள்ள வகையை இலைத் துண்டிலிருந்து வளர்த்தால் வெறும் பச்சையாகத்தான் வரும், விளிம்பு வேண்டுமென்றால் கன்றைப் பிரித்துத்தான் நட வேண்டும்.