நுரையீரல் மட்டுமா, இதயமும் சேர்த்தா?

நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறிப்போகும் பல்மனரி ஹைப்பர்டென்ஷன் நோய் முற்றி, மாத்திரைக்கும் அடங்காமல், உறுப்பு மாற்று என்ற பேச்சு வந்ததுமே வீட்டில் எல்லோரும் எக்கோ ரிப்போர்ட்டைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். இதயத்தின் வலப்பக்கம் வீங்கியிருக்கிறது என்று அதில் இருக்கும். சரி, இதயமும் போச்சு, ரெண்டையும் மாத்தணும் என்று நாமாகவே முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலானவர்களுக்கு அது தேவையில்லை, இரண்டு நுரையீரலையும் மாற்றினாலே போதும் என்பதுதான் என் கட்சி.

தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு அக்கா ஒருவர் மாடி ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரைப் பிடித்து நின்றுவிடுவார், கால் வீக்கத்தில் கொலுசு பதிந்த தடம் அப்படியே தெரியும். "தம்பி, இதயத்தையும் எடுத்துடுவாங்களா?" என்று கேட்டார். நுரையீரல் ரத்தக்குழாய்கள் இறுகிப்போனதால், அந்த எதிர்ப்பை முட்டித் தள்ளித் தள்ளித்தான் வலது கீழறை வீங்குகிறது. புது நுரையீரல் வந்து அழுத்தம் இறங்கினால், பலருக்கு அது சில வாரங்களிலும் மாதங்களிலும் தேறிவிடுகிறது.

1981-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் வெற்றிகரமாக நடந்த முதல் இதய-நுரையீரல் மாற்றே இந்த நோய் உள்ள ஒருவருக்குத்தான். அப்போது வேறு வழியில்லை, இரட்டை நுரையீரல் மாற்று வெற்றி பெற்றதே 1986-இல், கனடாவின் டொரன்டோவில்.

ஒற்றை நுரையீரல்? இந்த நோய்க்கு வேண்டாம் என்பேன். பழைய நுரையீரல் எதிர்ப்பதால் ரத்தம் முழுக்கப் புதியதிலேயே பாய்ந்து நீர் கோத்துவிடும்.

இரட்டை நுரையீரலிலும் கண்டம் உண்டு. பல வருடமாகக் குறைந்த ரத்தத்துக்கே பழகிய இடது கீழறை, திடீரென முழு ஓட்டம் வந்ததும் திணறும், நுரையீரலில் நீர் சேரும், அதனால்தான் முதல் சில நாட்கள், ரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் எக்மோ கருவியிலேயே வைத்திருக்கும் மையங்கள் உண்டு. இதயமும் சேர்த்து மாற்றினால் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் ஒரே கொடையாளரின் இதயமும் இரு நுரையீரலும், ரத்த வகை, மார்பளவு எல்லாம் பொருந்திக் கிடைக்க வேண்டும். காத்திருப்பு நீளும், அந்த இதயத்தால் பிழைக்கக்கூடிய இன்னொருவருக்கும் அது போகாது.

அப்படியானால் சேர்த்து மாற்றுவது யாருக்கு? இடப்பக்கமும் செயலிழந்தவர்களுக்கு, சரிசெய்ய முடியாத பிறவிக் கோளாறு உள்ளவர்களுக்கு. இதயத்தில் எளிய ஓட்டை என்றால் அதை அடைத்துவிட்டு நுரையீரலை மட்டும் மாற்றலாம்.

எதுவானாலும், உடலின் எதிர்ப்பை அடக்கும் டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகள் ஆயுள் முழுக்க. புது உறுப்பை உடல் மெல்ல மெல்ல ஏற்க மறுக்கும் நாள்பட்ட நிராகரிப்பு இரண்டிலுமே வரலாம். உலக அளவில் நுரையீரல் மாற்றிக்கொண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் ஆறு வருடத்தைத் தாண்டுகிறார்கள். கன்டெய்னர் லாரிப் புழுதியும் எண்ணூர்ப் பக்கத்துச் சாம்பலும் படியும் வீட்டுக்குத் திரும்புவதா, வேறு வீடு பார்ப்பதா என்பதையும் ஆபரேஷனுக்கு முன்பே பேசுங்கள்.

அப்புறம், நுரையீரலில் காற்றும் ரத்தமும் எங்கெங்கே போகிறது என்று காட்டும் வி-க்யூ ஸ்கேன் எடுத்தாச்சா என்று கண்டிப்பாகக் கேளுங்கள். நுரையீரல் ரத்தக்குழாயில் தங்கிப்போன பழைய ரத்தக்கட்டிதான் காரணம் என்றால், பலருக்கு அதை ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம், மாற்றே தேவைப்படாமல் போகலாம்.