தயோஃப்ளேவின் டி: இந்த மஞ்சள் சாயத்தை எவ்வளவு நம்பலாம்?

அல்சைமர், பார்க்கின்சன், பிரயான் (வடிவம் பிறழ்ந்து பரவும் புரதம்) நோய்களை ஆராயும் லேபில் சேரும் மாணவர் கையில் முதலில் வந்து சேரும் பொருள்களில் ஒன்று தயோஃப்ளேவின் டி. வசாரும் கல்லிங்கும் 1959-இல் திசு வெட்டுகளில் அமிலாய்டை, அதாவது நார்களாகத் திரண்ட புரதத்தைக், காட்டப் பயன்படுத்திய அதே சாயம்தான். இன்றைக்கு அதன் பிழைப்பு பெரும்பாலும், பல மாதிரிகளின் ஒளிர்வை ஒரே நேரத்தில் அளக்கும் பிளேட் ரீடருக்குள். விலை மலிவு. ஒரு சிறு பாட்டில் பிஎச்டி முடியும்வரை தாராளமாக வரும்.

சாய மூலக்கூறின் இரண்டு வளையப் பகுதிகளை இணைக்கும் பிணைப்பு கரைசலில் தடையின்றிச் சுழலும். உறிஞ்சிய ஒளி அதிலேயே வீணாகிவிடும். அமிலாய்டு நாரின் நீளவாட்டுப் பள்ளங்களில் சிக்கினால் சுழற்சி முடங்கும். அப்போது 440 நானோமீட்டரில் ஒளியூட்டினால் 480 பக்கம் பளிச்சென்று ஒளிரும். நார் எப்போது உருவாகிறது, எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று பார்க்க இதைவிட எளிய வழி இல்லை. ஐந்தில் நான்கரை மதிப்பெண் அதற்குத்தான்.

அரை மதிப்பெண்ணைக் குறைப்பது முதலில் பாட்டில் லேபிள். சாதாரணத் தரத்தில் சாயத்தின் அளவு 65 முதல் 75 சதவீதம்தான். 1 மில்லிமோலார் கரைசல் 10 மில்லிலிட்டர் வேண்டுமென்றால் கணக்குப்படி 3.19 மில்லிகிராம், 65 சதவீதப் பொடியில் 4.9 மில்லிகிராம் எடுக்க வேண்டும். எடையை நம்பி விட்டுவிடாதீர்கள். கரைத்து, 0.2 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டி, நூறு மடங்கு நீர்த்து, 412 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்து பாருங்கள். 10 மைக்ரோமோலாருக்கு 0.36 வர வேண்டும். வடிகட்டிய பிறகு அளப்பதுதான் சரி, ஃபில்டரிலும் பிளாஸ்டிக்கிலும் சாயம் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். அலுமினிய ஃபாயில் சுற்றி வையுங்கள். பஃபரின் பிஎச் 9-ஐத் தாண்டினால் சாயமே நிறம் இழக்கும்.

சோதனைக்கு 10 முதல் 20 மைக்ரோமோலார் போதும். கறுப்புச் சுவர், தெளிந்த அடிப்பகுதி, புரதம் ஒட்டாத பூச்சு உள்ள பிளேட், மேலே சீல். ஒரே மாதிரியைப் பிளேட்டின் மூன்று குழிகளில் வைத்தும் மூன்றிலும் சிக்னல் மூன்று நேரத்தில் கிளம்பினால் சாயத்தைத் திட்டிப் பயனில்லை. குற்றவாளி பெரும்பாலும் பெப்டைடு, அதாவது சோதிக்கும் சிறு புரதம். அல்சைமரில் திரளும் அமிலாய்டு பீட்டா 42-இல் ஏற்கெனவே திரண்ட துகள்கள் இருந்தால் அவையே விதையாகிவிடும். ஜெல் நிரப்பிய வடிகட்டும் குழாயில் (column) ஒற்றை மூலக்கூறுகளைப் பிரித்து, ஐஸில் வைத்து, உடனே பிளேட்டில் ஏற்ற வேண்டும். குமிழி விடாதீர்கள், காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பு திரளுதலைத் தூண்டும்.

பெரிய பொறி, மருந்து தேடுபவர்களுக்கு. நம்மூர் மஞ்சளின் குர்குமின் 425 நானோமீட்டர் பக்கம் ஒளியை நன்றாக உறிஞ்சும். அதை ஊற்றியதும் சிக்னல் விழுவதைப் பார்த்து 'அமிலாய்டைத் தடுக்கிறது' என்று எழுதிவிடுவது ரொம்பச் சுலபம். குவர்செட்டினும் இப்படிக் குழப்பும். முழுதாக வளர்ந்த நார்களில் சேர்மத்தை விட்டுப் பாருங்கள்: அந்த நொடியே சிக்னல் சரிந்தால் தடுக்கப்பட்டது நார் இல்லை, ஒளிதான். பிறகு மாதிரியை மையவிலக்கியில் சுழற்றி, மேலே மிஞ்சும் கரைந்த புரதத்தை அளவிட்டு, எலக்ட்ரான் நுண்ணோக்கியிலும் பார்த்தால்தான் பேசலாம்.

இந்தச் சாயத்தின் இன்னொரு குறை ஒரு ஆய்வு வாழ்க்கைக்கே திசை காட்டியது. அதன் நேர்மின்னூட்டம் இரத்த-மூளைத் தடுப்பைக் கடக்க விடாது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக மனநல மருத்துவர் வில்லியம் கிளங்க் முதலில் அமிலாய்டைக் காட்டும் இன்னொரு சாயமான காங்கோ ரெட்டின் வழித்தோன்றல்களோடு நெடுநாள் மல்லுக்கட்டினார். பிறகு கதிரியக்க வேதியியலாளர் செஸ்டர் மாதிஸுடன் சேர்ந்து தயோஃப்ளேவினின் மின்னூட்டத்தைக் களைந்தார். கார்பன்-11 பூட்டிய அந்த மூலக்கூறு, பிட்ஸ்பர்க் காம்பவுண்ட் பி (B), 2002-இல் ஸ்வீடனின் உப்சாலாவில் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தப்பட்டது. 16 நோயாளிகளையும் 9 ஒப்பீட்டு நபர்களையும் வைத்த ஆய்வு 2004-இல் வெளிவந்தது. உயிரோடிருப்பவர் மூளையில் அமிலாய்டைப் பெட் ஸ்கேனில் பார்ப்பது அங்கிருந்து வேகமெடுத்தது. கார்பன்-11-இன் அரை ஆயுள் 20 நிமிடம் என்பதால் அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் பக்கத்திலேயே இருக்க வேண்டும். 110 நிமிட ஃப்ளூரின்-18 வந்த பிறகுதான் அது மற்ற மருத்துவமனைகளுக்கும் எட்டியது.

சாதாரண சாயமும் மருத்துவமனைக்குள் போயிருக்கிறது. குரோய்ட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் என்ற பிரயான் நோயைத் தண்டுவட நீரில் கண்டுபிடிக்கும் ஆர்டி-க்விக் சோதனையில், குலுக்கியும் நிறுத்தியும் மாறி மாறிப் பெருக்கும் பிரயானைக் காட்டித் தருவது இதுவே. மாதிரியில் இரத்தம் கலந்திருந்தால் மட்டும் முடிவு தப்பாகலாம்.

யார் வாங்க வேண்டாம்? செல் சாற்றில் நேரடியாக அளக்க நினைப்பவர்கள். சில டிஎன்ஏ அமைப்புகளோடும் இது ஒட்டி ஒளிரும். நாராகாத சிறு புரதத் திரள்களான ஒலிகோமர்களைத் தேடுபவர்களும் வேறு வழி பார்க்கலாம், அவற்றில் ஒளி மங்கலாகவே வரும். அல்சைமரில் திரளும் இன்னொரு புரதமான டௌவின் நார்களுக்குப் பல லேப்கள் தயோஃப்ளேவின் எஸ்-ஐ எடுக்கின்றன. ஆனால் அது பல சேர்மங்களின் கலவை, பேட்ச் மாறினால் கட்டுப்பாட்டுச் சோதனையை மறுபடி போட வேண்டியிருக்கும்.