என்ஜின் வைத்த சைக்கிளும் அந்த இடது பக்கச் செயினும்

என் என்ஜின் வைத்த சைக்கிளின் இடது பக்கச் செயினை மறுபடி ஒரு வழிக்குக் கொண்டுவந்தாயிற்று. ஸ்போக்கில் கவ்விக்கொண்டிருந்த பல்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பையே சுற்றிப் பிடிக்கிற மாதிரி இரண்டு துண்டுக் காலர் ஒன்றை லேத்தில் கடைந்து மாட்டியிருக்கிறேன். பட்டறையில் காசு கொடுத்துவிட்டு வெளியே வரும்போதே இந்த வண்டியைப் பற்றி எழுதிவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. சில வருடமாக ஓட்டுகிறேன். புதுசில் இருந்த மயக்கமெல்லாம் தெளிந்துவிட்டது. நல்லது எது, கெட்டது எது என்று இப்போது நிதானமாகச் சொல்ல முடியும். செயினைப் பற்றி மட்டும் அந்த நிதானம் வருமா என்று தெரியவில்லை.

இந்த மாதிரி வண்டிகளைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத்தான் எழுதுகிறேன், அதனால் விவரம் சுருக்கமாக. பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய 22 இன்ச் ஹெர்குலிஸ் ஃப்ரேம், 28 இன்ச் சக்கரம். களைவெட்டும் மெஷினிலிருந்து கழற்றிய 25 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின். என்ஜினின் ஐந்து சுற்றை ஒரு சுற்றாகக் குறைக்கிற கியர் பெட்டி, அதன் முனையில் 9 பல் சக்கரம். அங்கிருந்து பின்சக்கரத்தின் இடது பக்கத்துக்கு ஒரு செயின். பின்னால் இருக்கும் பல்சக்கரம் இன்னொரு ஓட்டை சைக்கிளின் 48 பல் செயின் வீல். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற என்ஜின் ஏறத்தாழ 27 சுற்றுச் சுற்றும். மணிக்கு 25 கிலோமீட்டரில் போகும்போது என்ஜின் நிமிடத்துக்கு 5000 சுற்றில் அலட்டிக்கொள்ளாமல் ஓடும்.

ஏன் 25 சிசி, கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்கலாமே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28) பிரிவைப் படித்துப் பாருங்கள். நான்கு சக்கரத்துக்குக் குறைவாக இருந்து, என்ஜினும் 25 சிசிக்கு மேற்படாமல் இருந்தால் அதை மோட்டார் வாகனம் என்ற கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பழைய டிவிஎஸ் 50 என்ஜினைத் தூக்கி சைக்கிளில் வைத்துவிட்டுப் பெருமையாக வீடியோ போடுகிறார்கள். 50 சிசி ஏறிய நிமிடமே அது பதிவெண், இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாம் கேட்கிற வண்டி. இவர்களிடம் அதில் ஒன்றும் இருக்காது. அந்தப் பிரிவின் நகலைக் கருவிப் பையில் மடித்து வைத்திருக்கிறேன். வேலூர் கிரீன் சர்க்கிள் பக்கம் போலீஸ் நிறுத்திக் கேட்டபோது எடுத்துக் காட்டியும் இருக்கிறேன். ஹெல்மெட் மட்டும் சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் போடுகிறேன்.

முதலில் ஃப்ரேமைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹெர்குலிஸைத் தயாரிக்கும், 1949இல் அம்பத்தூரில் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் வழி வந்த ஃப்ரேம் இது. குழாய்கள் சேரும் இடமெல்லாம் லக் என்கிற மூட்டு உறை வைத்துப் பற்றவைத்தவை. யாரோ பால் கேன் கட்டி, புல்லுக்கட்டு ஏற்றி, வருடக்கணக்கில் வெயிலில் போட்டிருந்த வண்டி. பெயின்ட்டைச் சுரண்டினால் உள்ளே இரும்பு அப்படியே இருந்தது. மணிக்கணக்காக என்ஜின் அதிர்ந்தும் இதுவரை ஒரு மூட்டில்கூட விரிசல் இல்லை. கடையில் இப்போது தொங்குகிற மெல்லிய குழாய் சைக்கிள்களில் இந்த என்ஜினை வைக்க எனக்குத் தைரியம் வராது.

என்ஜின் மேலும் எனக்குக் குறை கிடையாது. எண்ணெய் கலக்க வேண்டாம், வெறும் பெட்ரோல் போதும். சின்னக் குவளை அளவு ஆயில்தான் பிடிக்கும் என்பதால் அதை மட்டும் அடிக்கடி மாற்ற வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலை வாரக்கணக்கில் உள்ளேயே விட்டுவிட்டால் கார்புரேட்டரின் டயாஃபிரம் என்கிற மெல்லிய சவ்வு விறைத்துப்போகும். ஊருக்குப் போகும்போது டேங்கைக் காலி செய்து, என்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டுப் போனால் அந்தத் தொல்லையும் இல்லை.

நான் எதிர்பார்க்காமல் கிடைத்த சந்தோஷம் மேடுதான். காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் சாதா சைக்கிளில் ஏறியவர்களுக்குத் தெரியும், பாதியில் இறங்கித் தள்ளிவிடலாமா என்று கால் கேட்கும். சாதாரண ஆள் ஒருவர் தொடர்ந்து மிதித்தால் 100 வாட் அளவுக்குத்தான் சக்தி வரும். இந்தச் சுண்டு என்ஜின் 700 வாட் வரை தருகிறது. ஆனாலும் மேட்டில் அது தனியாக இழுக்காது. வேகம் 17க்குக் கீழே இறங்கினால் கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும், லைனிங் கருகுகிற வாடை வரும். அந்த இடத்தில் நாலு மிதி மிதித்துக் கொடுத்தால் போதும், சுற்று ஏறி, கிளட்ச் மறுபடி கவ்வி, வண்டி காலுக்குக் கீழே உந்தும். நான் கொடுப்பதை அது வாங்கிக்கொள்கிறது, அது கொடுப்பதை நான். இப்போது வருகிற மொபெட்டில் இது கிடைக்காது, அதில் நாம் வெறும் சுமை. ஆடி மாதத்தில் விரிஞ்சிபுரம் போகிற சர்வீஸ் ரோட்டில் மேற்குக் காற்று முகத்தில் அறையும்போதும் இதே கதைதான். காற்றை எதிர்த்து மிதித்தும் மூச்சு வாங்காமல் போய்ச் சேரும்போது, இந்த வண்டியைக் கட்டியதற்கு மனசு நிறைந்துவிடும்.

இது ஒன்றும் புது யோசனையும் இல்லை. 1946இல் ஜப்பானின் ஹமாமட்சுவில் சோய்ச்சிரோ ஹோண்டா தொடங்கியதே இப்படித்தான். போர் முடிந்து மிஞ்சிக் கிடந்த ராணுவ ரேடியோ ஜெனரேட்டர் என்ஜின்களை வாங்கிச் சைக்கிளில் பொருத்தி விற்றார். முதலில் செய்த வண்டிக்குப் பெட்ரோல் டேங்க், வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும் பாத்திரம். மிஞ்சியதை எடுத்து ஓடுகிற பொருளாக்குகிற வேலை மேல் எனக்கு அவ்வளவு மரியாதை.

பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. கம்பி பிரேக் மிதிக்கிற வேகத்துக்குச் செய்தது. வேகம் இரண்டு மடங்கானால் நிற்க வேண்டிய தூரம் நான்கு மடங்கு. மழையில் இரும்பு ரிம்மில் கட்டை பிடிக்கவே யோசிக்கும். அதனால் ஆக்ஸிலேட்டருக்கு ஒரு தடுப்பு ஸ்குரூ வைத்து 25க்கு மேல் போகாமல் கட்டிவிட்டேன். இதற்கு மேல் வேகம் வேண்டும் என்பவர்கள் பைக் வாங்கிக்கொள்ளட்டும்.

சரி, செயினுக்கு வருகிறேன்.

சைக்கிள் செயின் தளர்ந்தால் என்ன செய்வோம்? பின் அச்சின் நட்டைத் தளர்த்தி, பின் ஃபோர்க் பள்ளத்தில் சக்கரத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்து இறுக்குவோம். இந்த வண்டியில் அதே அச்சுக்கு வலது பக்கம் பெடல் செயின், இடது பக்கம் என்ஜின் செயின். இடது தளர்ந்தது என்று சக்கரத்தை இழுத்தால் வலது விறைத்துப்போகும், பெடல் இறுகலாகத்தான் சுற்றும். வலதுக்கு ஏற்றபடி வைத்தால் இடது தொங்கும். இரண்டும் ஒரே அளவு தேயவும் தேயாது, என்ஜின் இழுப்பது எப்போதும் சீக்கிரம் நீளும். ஒரு பக்கம் மட்டும் இழுத்து வைத்தால் சக்கரம் கோணி, டயர் ஃபோர்க்கில் உரசும். எங்கே சுற்றினாலும் அங்கேயே வந்து நிற்கும்.

இதற்காகத்தான் செயினின் தொய்வை எடுக்க டென்ஷனர் என்று ஒரு சின்ன உருளையை ஃபோர்க் குழாயில் கவ்வி வைக்கிறார்கள். குழாய் உருண்டை, கவ்வியும் உருண்டை. செயின் இழுக்கிற இழுப்பில் அது மெல்லத் திரும்பி ஸ்போக் பக்கம் சாயும். ஊசூர் தாண்டி அணைக்கட்டு போகும் வழியில் ஒரு நாள் அதுதான் நடந்தது. செயின் கழன்று பல்சக்கரத்துக்கும் ஸ்போக்குக்கும் நடுவில் புகுந்து பின்சக்கரத்தைப் பூட்டிவிட்டது. தார் ரோட்டில் டயர் தேய்ந்த கறுப்புக் கோடு நீளமாக விழுந்தது. கூட்டமில்லாத ரோடு, வேகமும் குறைவு, அதனால் காலை ஊன்றி நிற்க முடிந்தது. வண்டியைத் தள்ளக்கூட முடியாது, சக்கரம்தான் சுற்றவில்லையே. பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டே பஞ்சர் கடை வரை நடந்தேன். இடது பக்கத்தில் பாதி ஸ்போக்குக்கு மேல் வெட்டு.

பல்சக்கரம் ஸ்போக்கில் நிற்கிற விதத்தையும் பார்க்க வேண்டும். ஸ்போக்குக்கு உள்ளே ஒரு ரப்பர், வெளியே ஒரு ரப்பர், நடுவில் ஸ்போக்குகளை நசுக்கிப் பிடித்து போல்ட். எனக்கு ரப்பருக்குப் பஞ்சமில்லை, ஆம்பூரிலிருந்து ஷூ சோலுக்கு வெட்டிய ஷீட்டின் மிச்சம் கிடைக்கும், நல்ல கெட்டி. ஆனால் மையத்தில் நிறுத்த அங்கே எதுவுமே கிடையாது. கண்ணால் பார்த்துத்தான் வைக்க வேண்டும். ஃபோர்க்கில் விரலை ஊன்றி, பல்லின் நுனிக்கு நேராக ஒரு சாக்பீஸைப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றிவிடுவேன். மேடாக இருக்கும் பற்களில் மட்டும் வெள்ளை படும். அந்தப் பக்க போல்ட்டைத் தளர்த்தி, மரச்சுத்தியால் ஒரு தட்டு, மறுபடி இறுக்கு, மறுபடி சாக்பீஸ். எல்லாப் பல்லிலும் ஒரே மாதிரி வெள்ளை படும்வரை இதே வேலை. அவ்வளவு பாடுபட்டு வைத்தால், ஒரு வெயில் காலத்தில் ரப்பர் நசுங்கி மறுபடி தப்பிவிடும். மையம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தப்பினாலே போதும், ஒரு சுற்றில் செயின் ஒரு இடத்தில் விறைத்து இன்னொரு இடத்தில் தொங்கும்.

வேலூர் சைதாப்பேட்டையில் நான் போகிற சைக்கிள் கடை பாய் ஒரே பார்வையில் சொன்னார்: "ரப்பர் நசுங்க நசுங்க செயின் லூசாகத்தான் தம்பி செய்யும். ஹப்புலயே புடிக்க ஏதாவது பண்ணு." அப்படி வந்ததுதான் இப்போதைய காலர். ஹப்பை வட்டமாகப் பிடிப்பதால் மையம் தானாக வருகிறது. சாக்பீஸ் பிடித்துப் பார்த்தேன், முதல் சுற்றிலேயே எல்லாப் பல்லிலும் வெள்ளை. ஸ்போக்குக்கும் இனி அந்த நசுக்கல் இல்லை.

அந்தத் தொல்லை தீர்ந்தது, ஆனால் அச்சு ஒன்றுதானே. செயின் நீளும்போது டென்ஷனரைத்தான் நம்ப வேண்டும். என்ஜினையே முன்னே பின்னே நகர்த்தும்படி நீளத் துளை போட்ட தகட்டில் வைத்தும் பார்த்தாயிற்று. அதிர்வில் என்ஜின் தானாகத் திரும்பிக்கொள்கிறது, செயின் வரிசை தப்புகிறது. அதிர்வில் தளராமலிருக்க நைலாக் நட், ஸ்பிரிங் வாஷர் எல்லாம் போட்டும் அப்படித்தான். இப்போது டென்ஷனர் கவ்வியை ஃபோர்க்கில் பற்றவைத்தே விட்டேன், இனி திரும்பாது. ஆனால் உருளையை ஏற்றி இறக்க இன்னமும் ஸ்பேனரோடு உட்காரத்தான் வேண்டும்.

செயின் மேல் பழி போடுவதும் நியாயம் இல்லை. அரை இன்ச் சைக்கிள் செயின், கால் மிதிக்கிற இழுவைக்குச் செய்தது. எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு. செயினே வேண்டாம் என்று டயர் மேல் உருளையை அழுத்தி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மழை பெய்தால் அது வழுக்கும், டயரையும் தின்றுவிடும். அதைவிட என் செயின் எவ்வளவோ மேல்.

குடியாத்தத்தில் இருக்கும் நண்பன் இந்தக் காலரின் போட்டோவைப் பார்த்துவிட்டு உடனே போன் செய்தான். "இன்னா மச்சான், சூப்பரா கீது. எனக்கும் ஒண்ணு செஞ்சு குடேன், ஃப்ரேம் வாங்கிட்டேன்."

செய்யாதே என்றுதான் சொன்னேன். மேலே எழுதிய பாராட்டில் ஒரு சொல்லைக்கூட நான் திரும்ப வாங்கவில்லை. மேம்பாலத்தில் ஏறும்போது இதைவிட நல்ல வண்டி எனக்கு வேண்டாம். ஆனால் அவன் காலையில் ஷிஃப்டுக்கு ஓடுகிறவன், ஞாயிற்றுக்கிழமைகூடச் செயினோடு உட்கார அவனுக்கு நேரம் கிடையாது. செயின் சக்கரத்தைப் பூட்டினால் என்ன ஆகும் என்று நான் ரோட்டில் பார்த்திருக்கிறேன். லாரி ஓடுகிற குடியாத்தம் ரோட்டில் அவனுக்கு அது நடக்கக் கூடாது. 25 கிலோமீட்டர் வேகம் போதுமென்றால் ஹப்பிலேயே மோட்டார் வைத்த 250 வாட் பேட்டரி சைக்கிள் கிடைக்கிறது, அதற்கும் பதிவு வேண்டாம், இடது பக்கத்தில் செயினும் இல்லை. அதை வாங்கு என்றேன்.

கேட்கிற மாதிரி தெரியவில்லை. மீறிச் செய்வதானால் முதலில் ஹப்பை அளந்து காலரைக் கடைந்து மாட்டி, டென்ஷனரையும் பற்றவைத்து, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் என்ஜினுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். என் காலரின் அளவுகளைத் தாளில் வரைந்து அவனுக்கு அனுப்பியாயிற்று, வேறு யாருக்கு வேண்டுமானாலும் கேளுங்கள்.