கைவனைவுக்கு மண்ணை மாற்றுவதென்றால்: நான்கு களிமண்கள், ஓர் ஒப்பீடு

சக்கரமில்லாமல், திரி உருட்டி அடுக்கியும் பலகையாகத் தட்டி ஒட்டியும் மண்கலம் செய்பவர்கள் களிமண்ணை மாற்ற நினைக்கும்போது, சுட்டபின் கிடைக்கும் நிறத்தைப் பார்த்தே பெரும்பாலும் முடிவெடுக்கிறார்கள். அதற்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: அந்த மண் காயும்போது எப்படி நடந்துகொள்கிறது, அது முதிர்வதற்கு, அதாவது சுட்டு முழுமையாக இறுகுவதற்கு, வேண்டிய வெப்பத்தை நம் சூளை எட்டுமா?

சிவப்புச் சுடுமண் ஏறத்தாழ 1000 முதல் 1150 டிகிரி செல்சியஸுக்குள் சுடப்படுவது. நன்றாகக் குழையும்; நுண்ணிய வேலைப்பாட்டை அப்படியே ஏற்கும்; சுருக்கமும் பொதுவாகக் குறைவு. ஆனால் சுட்ட பின்னும் நுண்துளைகள் மூடாததால் நீர் கசியும். கைவனைவில் அதன் பெரிய குறை, மிக மென்மையான வகைகளில் ஈரம் வெளியேற வழி குறைவாக இருப்பதே. விளிம்பு முதலில் காய்ந்து சுருங்க, தடித்த அடிப்பகுதி ஈரமாகவே நிற்க, அந்த இழுபறியில் பலகை வளைகிறது, ஒட்டு விரிகிறது.

மணல்போன்ற பருக்கை கலந்த ஸ்டோன்வேர், அதாவது உயர்ந்த வெப்பத்தில் சுட்டுக் கல்போல இறுகும் மண், இந்த இடத்தில்தான் மேலோங்குகிறது. க்ராக் எனப்படும் அந்தப் பருக்கைகள் ஏற்கெனவே சுட்டு நொறுக்கிய களிமண் என்பதால், அவை மீண்டும் நீர் குடித்துச் சுருங்குவதில்லை. சுருங்கும் மண்ணின் பங்கு குறைவதோடு, பருக்கைகளைச் சுற்றியுள்ள இடைவெளிகள் வழியே உள்ளிருக்கும் ஈரமும் சீராக வெளியேறுகிறது. சுவர் உயர உயர அவை எலும்புபோல நின்று தாங்குவதால், முழங்கை உயரக் கலத்தையும் அடிக்கடி காத்திருக்காமல் எழுப்பலாம். 1200 முதல் 1300 டிகிரியில் முதிர்ந்தபின் அது மிகக் குறைந்த நீரையே உறிஞ்சும். கரடான பருக்கை கையை உராயும் என்பதும், ஈரப் பஞ்சால் துடைத்தால் மேலே துருத்தி நிற்கும் என்பதும் உண்மைதான். துடைத்த இடத்தை வளையும் தகட்டால் அழுத்தித் தேய்த்தால் பருக்கைகள் மீண்டும் உள்ளே அமிழ்ந்துவிடும்.

பீங்கான் மண்ணின் வெண்மையும், மெல்லிய சுவரில் ஒளி ஊடுருவும் அழகும் எனக்கும் மிகப் பிடித்தவை. இருந்தாலும் பலகை வேலைக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மொத்தச் சுருக்கம் பலவற்றில் 12 முதல் 15 விழுக்காடு வரை போகும். ஒருமுறை வளைந்த பலகையை நிமிர்த்தி வைத்தாலும், அந்த வளைவை நினைவில் வைத்திருந்து சூளையில் திரும்பக் காட்டும். கிள்ளிச் செய்யும் சிறு கிண்ணங்களுக்கு அது போதும்.

காகித நார் கலந்த மண் தனி வகை. காய்ந்த துண்டோடு ஈரத் துண்டையும் ஒட்ட முடிவது அதன் அரிய வசதி. நார் எரியும்போது புகை வரும் என்பதால் காற்றோட்டம் கட்டாயம். ஈரமாக நெடுநாள் வைத்தால் பூஞ்சை பிடித்து நாறும் என்பதால், தேவைக்கேற்பக் கொஞ்சமாகக் கலப்பதே நல்லது.

ஆகவே சூளை 1220 டிகிரியைத் தொடுமானால் நடுத்தரப் பருக்கையுள்ள ஸ்டோன்வேரையே நான் தேர்ந்தெடுப்பேன். அது 1100-இலேயே நின்றுவிடுமானால், இப்போதைய சுடுமண்ணிலேயே 10 முதல் 20 விழுக்காடு பருக்கை சேர்த்துப் பிசைந்து பார்ப்பதே முறை. பலருக்கு மண்ணை மாற்ற வேண்டிய தேவையே இதில் தீர்ந்துவிடும். தாழ்ந்த வெப்பத்துக்கான மண்ணை ஸ்டோன்வேர் வெப்பத்தில் வைத்தால் அது உப்பலாம், உருகித் தட்டோடு ஒட்டியும் போகலாம் என்பதால், இருவகை மண்ணை வைத்திருப்போர் பைகளின் மேல் பெயரெழுதி வைக்க வேண்டும்.

மண் மாறினால் மெருகுப்பூச்சும் ஒத்துப்போகாமல் போகலாம். ஆறும்போது மண்ணைவிடப் பூச்சு அதிகம் சுருங்கினால் அதில் மயிரிழை விரிசல் ஓடும். குறைவாகச் சுருங்கினால் விளிம்புகளில் செதில் செதிலாகப் பெயரும். எனவே மொத்தமாக வாங்குமுன் புதிய மண்ணில் ஒரு பட்டை வெட்டி, அதில் 10 செ.மீ. கோடு கீறி, வழக்கமான பூச்சின் ஒரு தீற்றலோடு சுட்டுப் பாருங்கள். கோடு 8.8 செ.மீ. ஆகியிருந்தால் சுருக்கம் 12 விழுக்காடு. அதே சூளையில், மூலை ஒட்டுள்ள ஒரு சிறு பெட்டியையும் வையுங்கள். பட்டை காட்டாத விரிசலை அந்த மூலை காட்டிவிடும்.