பழைய டாடா ஏஸுக்கு மாற்று இன்ஜின்: கலாசிபாளையம் பட்டறை ஒன்றைப் பற்றி

பெங்களூரில் பழைய டாடா ஏஸ் சிறு சரக்கு வண்டியை வைத்துப் பிழைப்பு நடத்துகிற எவருக்கும் என்றாவது ஒருநாள் எழும் கேள்வி, இருக்கிற இன்ஜினைப் பிரித்து வேலை செய்வதா அல்லது வேறு இன்ஜினே போட்டுவிடுவதா என்பதுதான். எங்கள் மாவு வண்டிக்கு அந்தக் கேள்வி வந்தபோது, கலாசிபாளையத்துக்கும் ஜே.சி. சாலைக்கும் நடுவே சந்து ஒன்றில் இருக்கும் சிறிய டீசல் பட்டறையில் இன்ஜினை மாற்றினோம். அதன் பிறகு ஒரு மழைக்காலமும் ஒரு குளிர்காலமும் கடந்துவிட்டன. ஆகவே அந்தப் பட்டறையின் வேலையைப் பற்றி உறுதியோடு எழுத முடிகிறது.

வண்டி 2009ஆம் ஆண்டு மாடல், பின்பக்கம் முழுவதும் மூடிய பாடி. விடியற்காலையில் ஸ்ரீராம்புரத்தில் மாவை ஏற்றிக்கொண்டு ராஜாஜிநகர், மல்லேஸ்வரம் கடைகளுக்குப் போட்டுவிட்டு வர வேண்டும். 2005இல் சந்தைக்கு வந்த ஏஸின் இன்ஜின், இண்டிகா காரின் 1.4 லிட்டர் டீசல் இன்ஜினைப் பாதியாக்கி உருவாக்கப்பட்டது: இரண்டு சிலிண்டர், 702 சி.சி., 16 குதிரைத்திறன். டர்போவும் இல்லை, கணினி வழியாக டீசலைச் செலுத்தும் காமன் ரெயிலும் இல்லை. நல்ல லேத்தும் பொறுமையுள்ள கையும் இருந்தால் எந்தப் பட்டறையிலும் இதைச் சீர்செய்யலாம் என்பது இதன் பெரிய பலம்.

எங்கள் இன்ஜின் ஓய்ந்துபோனதற்கான அறிகுறிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. டிசம்பர் மாதக் காலைகளில் ஹீட்டர் ப்ளக் சரியாக இருந்தும் செல்ஃப் நெடுநேரம் அடிக்க வேண்டியிருந்தது. கிளம்பிய பின் வெண்புகையும், சூடேறியதும் நீலப்புகையும் தள்ளியது. ரேடியேட்டரில் தண்ணீர் காரணமில்லாமல் குறைந்தது. டீசல் இன்ஜினில் தீப்பொறிக்கு வேலை இல்லை, அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. அதனால் காற்றை அழுத்தும் அந்த கம்ப்ரஷன் போய்விட்டால் எந்தச் சில்லறை வேலையும் உதவாது. பட்டறையின் மூத்த மெக்கானிக் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து தலைகீழாக அதன் வாய்மேலேயே வைத்தார். வண்டி ஐடிலில் ஓடும்போது மூடி அங்கேயே துள்ளித் துள்ளி ஆடியது. பிஸ்டன் ரிங்கைத் தாண்டி அழுத்தம் கீழே இறங்குகிறது என்பதைக் கேஜ் வைப்பதற்கு முன்பே கண்ணால் காட்டிவிட்டார்.

அதற்குப் பிறகும் இன்ஜின் மாற்றியே ஆக வேண்டும் என்று அவர் சொல்லவில்லை என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். சிலிண்டர்கள் அமைந்த பிளாக் நன்றாக இருந்தால் போர் போட்டு (அதாவது சிலிண்டர் துளையைக் கடைந்து), ஓவர்சைஸ் பிஸ்டன் ஏற்றி, அதே இன்ஜினை ஓட்டலாம், ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) இன்ஜின் எண்ணை மாற்றும் வேலையும் மிச்சம் என்றுதான் யோசனை சொன்னார். மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியபோது பிளாக்கில் இரண்டு சிலிண்டருக்கும் நடுவே மயிரிழை அளவில் ஒரு விரிசல் தெரிந்த பிறகே பேச்சு வேறு வண்டியில் ஓடிய பழைய இன்ஜினை வாங்கி மாற்றுவதற்குத் திரும்பியது.

நாங்கள் இதற்கு முன் விசாரித்த இன்னொரு இடத்தில், டீசல் ஊற்றிக் கழுவி வெள்ளிப் பெயின்ட் அடித்த இன்ஜினைக் காட்டி, பிரித்துக் காட்ட முடியாது, வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்கள். இந்தப் பட்டறையில் அப்படி இல்லை. அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றி, கிராங்கைத் தாங்கும் ஒரு பேரிங் கேப்பைத் திறந்து, உள்ளே இருந்த பேரிங்கைத் துணியால் துடைத்து என் கையில் கொடுத்தார்கள். மேலே சாம்பல் நிறம் சீராக இருக்க வேண்டும்; அது தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தால் அந்த இன்ஜின் ஆயில் பிரஷர் குறைந்த நிலையில் ஓடியிருக்கிறது என்று பொருள். சிலிண்டரின் மேல்விளிம்பருகே விரல் நகத்தை மேலும் கீழும் இழுத்துப் பார்க்கச் சொன்னார்கள். ரிங் திரும்பும் இடத்தில் படிபோல நகம் தட்டினால் போர் தேய்ந்திருக்கிறது. அங்கிருந்தவற்றில் ஒன்றில் செம்பு தெரிந்தது, அதை அவர்களே ஒதுக்கினார்கள். “பேரிங் பாக்காம யாருக்கும் காசு குடுக்காதீங்கண்ணா” என்று அந்த மெக்கானிக் சொன்னது, பழைய இன்ஜின் வாங்கப் போகிற ஒவ்வொருவருக்கும் பொருந்தும்.

தேர்ந்தெடுத்த இன்ஜினையும் அப்படியே ஏற்றிவிடவில்லை. போர், கிராங்க் கிரைண்டிங், ஹெட் பிளேனிங், வால்வு வேலை எல்லாம் லேத்தில் முடித்து, டீசல் பம்பையும் நாசிலையும் தனியே கொடுத்துச் சரிபார்த்து வாங்கினார்கள். இன்ஜினை இறக்கியிருக்கும்போதே கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், இன்ஜின் மவுண்டிங் ரப்பர் ஆகியவற்றையும் மாற்றச் சொன்னது நியாயமே. ஏஸில் இன்ஜின் இருக்கைக்கு அடியில் இருப்பதால், அவற்றுக்காக மறுபடியும் எல்லாவற்றையும் பிரிப்பது வீண்செலவு.

ஆனால் இந்தப் பட்டறையை நான் மற்றவர்களுக்குச் சொல்வதற்கு முதற்காரணம் ரேடியேட்டர். பழைய இன்ஜின் ஏன் விரிசல் விட்டது என்று தேடி, ரேடியேட்டர் கோரில் பாதிக் குழாய்கள் உப்புப் படிந்து அடைந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். கோரை மாற்றாமல் புது இன்ஜினைக் கிளப்ப மாட்டோம் என்று பிடிவாதமாக நின்றார்கள். போர்வெல் தண்ணீரை ஊற்றி ஓட்டும் வண்டிகள் நிறைந்த இந்த ஊரில், காரணத்தை அப்படியே விட்டுவிட்டு இன்ஜினை மட்டும் மாற்றினால் அந்தப் பணமும் சில மாதங்களில் ஆவியாகிவிடும். இப்போது கூலன்ட் தவிர வேறெதையும் நாங்கள் ஊற்றுவதில்லை.

குறைகளும் உண்டு. லேத்தில் வேலை தேங்கியதால் சொன்ன தேதிக்கு வண்டி கிடைக்கவில்லை. அந்த நாட்களில் வாடகை வண்டி வைத்து மாவு அனுப்ப வேண்டியிருந்தது. ஆர்.டி.ஓ. வேலையில் அவர்கள் தலையிடுவதில்லை. பிளாக் மாறினால் இன்ஜின் எண்ணும் மாறும், ஆர்.சி.யில் புது எண்ணை ஏற்றாவிட்டால் எஃப்.சி.யின்போது (தகுதிச் சான்றுக்கான சோதனையில்) நிறுத்திவிடுவார்கள், விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும். ஆனால் அதற்குத் தேவையான ரசீதையும், இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான தாளையும் கேட்பதற்கு முன்பே கொடுத்தார்கள். அதோடு தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டு, திருட்டு வண்டியுடையது அல்ல என்று நாங்களும் பார்த்துக்கொண்டோம்.

ரேடியேட்டர், கிளட்ச் உட்பட மொத்தச் செலவு எழுபதாயிரம் ரூபாயைச் சற்றுத் தாண்டியது. சந்தையில் இதைவிடக் குறைவாகவும் கிடைக்கும். திறந்து காட்டிய இன்ஜினுக்கு இந்த விலை தகும் என்பது என் கருத்து. முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குப் பாதிச் சுமையோடு ஓட்டச் சொல்லி, அதன் பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ஹெட் போல்ட்டுகளை மீண்டும் சரிபார்த்துத் தந்தார்கள். அதற்குக் கூலி வாங்கவில்லை. இப்போது குளிர்காலக் காலையிலும் முதல் செல்ஃபிலேயே கிளம்புகிறது, நீலப்புகை அறவே இல்லை.

போகிறவர்கள் வண்டியைச் சூடாக்காமல், இரவு முழுவதும் நின்ற நிலையிலேயே காலையில் கொண்டுபோக வேண்டும். குளிர்ந்த இன்ஜின் கிளம்பும் விதத்தைப் பார்க்காமல் அவர்கள் விலை சொல்வதில்லை. ஆர்.சி. நகலும் கையில் இருக்கட்டும். முன்பணம் பாதி, மீதி வண்டியை ஓட்டிப் பார்த்த பிறகு.