தொந்தரவு செய்யாத கணினி எது? ஒரு மேற்கு மாம்பலம் வீட்டின் ஒப்பீடு

"புதிதாக எதுவும் வேண்டாம் அம்மா. திறந்தால் திறக்க வேண்டும். கேட்காததைக் கேட்கக் கூடாது. எனக்கு அவ்வளவு போதும்" என்றார் அப்பா. அவருக்கு வயது 73. அவருடைய மேசைக் கணினி 2014-இல் வாங்கியது. 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. சுவிட்சைத் தட்டிவிட்டு அவர் குளித்து வருவார். அப்போதும் அது முழுதாகத் திறந்திருக்காது. அதோடு, விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. தூக்கிப் போட்டுவிட்டு லேப்டாப் வாங்கு என்றார் மாமா. நான் ஒரு மாதம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு இடத்திலும் இருக்கும் மாற்று வழிகளை வீட்டிலேயே வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் அப்பா சொன்னதுதான் அளவுகோல்.

ரேமா, எஸ்எஸ்டியா?

கணினி மெதுவாக இருந்தால் "ரேம் போடுங்கள்" என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்லும் யோசனை. காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். கணினி திணறும் நேரத்தில் அதில் மெமரி (அதாவது ரேம்) நிரம்பியிருக்கிறதா, டிஸ்க் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் மெமரி 60 சதவீதத்தில் நின்றது. டிஸ்க் 100-ஐ விட்டு இறங்கவே இல்லை. ரேம் போட்டிருந்தால் பணம் வீணாகியிருக்கும்.

பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. அதன்மேல் ஒரு சிறு கை இங்கும் அங்கும் நகர்ந்து கோப்புகளைத் தேடி எடுக்கிறது. கணினி திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு கோப்புகளைப் படிக்க வேண்டும். அந்தக் கையால் நொடிக்கு ஏறத்தாழ நூறு இடங்களுக்குத்தான் போய்வர முடியும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டியில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. அதனால் நொடிக்குப் பல்லாயிரம் இடங்களைத் தொட்டுவிடுகிறது. பழைய கணினிக்கு இதைவிடப் பெரிய உபகாரம் வேறொன்றும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. பத்துப் பக்கங்களை ஒன்றாகத் திறந்து வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் ரேமையும் 8 ஜிபி ஆக்கிக்கொள்ளலாம், ஆனால் எஸ்எஸ்டிக்குப் பிறகு.

வாங்கியது ரிச்சி தெருவில். முதலில் போன கடையில் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். இரண்டு கடை தள்ளிப் போனேன். அங்கே எஸ்எஸ்டியை மட்டும் கொடுத்து, அதை இணைக்கும் சாட்டா கேபிளை எங்கே செருக வேண்டும் என்பதையும் காட்டி அனுப்பினார்கள். இப்போது அரை நிமிடத்துக்குள் கணினி திறந்துவிடுகிறது. கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை எறிந்துவிடாதீர்கள். யுஎஸ்பி கேசிங் ஒன்றில் போட்டால் படங்களைச் சேமிக்கும் பெட்டி ஆகிவிடும்.

அந்தப் பெட்டி எங்களுக்கு அவசியம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்துக்குள் தண்ணீர் வந்தபோது, மேசைக்கு அடியில் இருந்த இன்னொரு கணினியோடு அக்கா கல்யாணப் படங்களும் போயின. அம்மா இன்றும் அதைச் சொல்லிச் சொல்லி வருந்துகிறார். ஆகவே இணையச் சேமிப்பா, வீட்டுப் பெட்டியா என்று கேட்டால் எனக்கு இரண்டும் வேண்டும். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியில் மின்னஞ்சலும் அடக்கம். முக்கியமான ஆவணங்களுக்கு அது போதும். படங்கள் பெட்டியில், பெட்டி பரணில். கணினியும் இப்போது மேசைக்கு மேலே ஏறிவிட்டது.

விண்டோஸா, லினக்ஸா, புதிய கணினியா?

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு தேவை. பிராசஸரும் ஏறத்தாழ 2018-க்குப் பிறகு வந்ததாக இருக்க வேண்டும். 2014 கணினியில் அதைக் குறுக்கு வழியில் ஏற்றிவிட முடியும். ஆனால் அப்படி ஏற்றியவற்றுக்குப் புதுப்பிப்புகள் வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. பெரியவர் வீட்டில் அந்தச் சோதனை வேண்டாம்.

விண்டோஸ் 10-லேயே இருப்பவர்களுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பதாக அறிவித்தார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை ஒத்திசைத்தால் அதற்குக் கட்டணம் இல்லை. இது அவகாசம் தருகிறது, பிரச்சினையைத் தீர்க்கவில்லை.

எனவே லினக்ஸ் மின்ட். விண்டோஸின் இடத்தில் கணினியை இயக்கும் மென்பொருள் இது. உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது, விலை எதுவும் இல்லை. அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய பதிப்பு பழைய கணினிகளுக்கு ஏற்றது. மின்டின் 22-ஆம் பதிப்பு வரிசைக்கு 2029 வரை புதுப்பிப்புகள் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று: பென்டிரைவில் ஏற்றி, கணினியில் எதையும் அழிக்காமல் முழுவதையும் ஓட்டிப் பார்க்கலாம். அப்பா ஒரு வாரம் அப்படியே பயன்படுத்தினார். கீழே இடது மூலையில் மெனு, பக்கத்தில் ஃபயர்ஃபாக்ஸ். மின்கட்டணமும் வருமான வரிக் கணக்கும் பிரவுசரில்தானே நடக்கின்றன. அவருக்கு மாற்றமே தெரியவில்லை. "மறுபடி துவக்கட்டுமா" என்று நடுவில் வந்து நிற்பதும் இல்லை.

டேலி என்ற கணக்கு மென்பொருளைப் பயன்படுத்துபவர்களும் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் செருகுபவர்களும் விண்டோஸை விட வேண்டாம். பிரிண்டரையும் முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். எங்கள் பழைய லேசர் பிரிண்டரை இயங்க வைக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆனது. புதிய லேப்டாப்பின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது: மின்சாரம் போனால் அதன் பேட்டரியே தாங்கிக்கொள்ளும். மேசைக் கணினிக்குத் தனியாக யுபிஎஸ் வேண்டும். எங்களிடம் அது முன்பே இருந்ததால் பழையது வென்றது.

தமிழில் எழுத

இங்கே என் கணிப்பு தவறியது. நான் தமிழ்99 ஆதரவாளர். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி உருவான விசைப்பலகை அது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் புள்ளி தானாக விழும். ங-வுக்குப் பின் க வந்தாலும் அப்படியே. "வணக்கம்" என்பதற்கு ஆறு தட்டுகள். ஒலிபெயர்ப்பு முறையில் ஆங்கில எழுத்துகளைத் தட்டி அதையே எழுத எட்டுத் தட்டும், ண-வுக்காக ஒரு ஷிஃப்டும் வேண்டும். ல, ள, ழ மூன்றையும் ஆங்கில எழுத்துகளில் யோசிக்க வேண்டியிருப்பதுதான் எனக்கு அந்த முறையில் உள்ள பெரிய வருத்தம். தமிழை எழுதும் நேரத்தில் மனம் தமிழிலேயே இருக்க வேண்டும்.

ஆனால் அப்பா இளவயதில் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ்த் தட்டச்சு லோயரும் ஹையரும் தேறியவர். அவர் விரல்களுக்குப் பழைய தட்டச்சு இயந்திரத்தின் வரிசைதான் தெரியும். அந்த வரிசை விண்டோஸில் என்எச்எம் ரைட்டர், லினக்ஸில் ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள்கள் வழியாகக் கிடைக்கிறது. அதை வைத்துக் கொடுத்ததும், ஐம்பது வருட இடைவெளி இல்லாதது போலத் தட்டினார். அம்மாவோ குரல் வழிதான். கூகுள் டாக்ஸை குரோமில் திறந்து தமிழைத் தேர்ந்தெடுத்துப் பேசினால் எழுத்தாகிறது. பிறகு ஒருமுறை படித்துத் திருத்த வேண்டும். புதிதாகத் தொடங்குபவருக்கு இன்றும் தமிழ்99-ஐத்தான் சொல்வேன். கைப்பழக்கம் உள்ளவரை மட்டும் மாற்றாதீர்கள்.

சீட்டு, சதுரங்கம்

சீட்டுக்கட்டில் பேச அதிகம் இல்லை. விண்டோஸ் 10-இல் வரும் சாலிட்டேரில் விளம்பரங்கள் உண்டு. அவற்றை நீக்க சந்தா கட்ட வேண்டும். மின்டின் மென்பொருள் மேலாளரில் கிடைக்கும் ஐல்ரியாட்டில் விளம்பரம் இல்லை, பல வகை ஆட்டங்கள் இருக்கின்றன, இணையமும் தேவையில்லை. முடிவு சொல்ல அரை நிமிடம் போதும்.

சதுரங்கம் அப்படி இல்லை. ஆனந்த் 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனதிலிருந்து, சென்னையில் பிறந்த குகேஷ் 2024 டிசம்பரில் 18 வயதில் உலக சாம்பியன் ஆனது வரை, இந்த ஆட்டம் எங்கள் வீட்டுக் கூடத்துப் பேச்சு. 2022 ஒலிம்பியாட் நேரத்தில் நேப்பியர் பாலத்தைச் சதுரங்கக் கட்டங்களாகத் தீட்டியபோது அதைப் பார்ப்பதற்காகவே அப்பா பஸ் ஏறிப் போனார். இணையத்தில் எங்கே ஆடுவது என்பது அவருக்கு முக்கியமான கேள்வி.

செஸ்.காம் 2007-இல் வந்தது. கூட்டம் அங்கேதான் அதிகம். பாடங்கள் நன்றாக அமைந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு குணத்தோடு ஆடும் கணினி எதிராளிகள் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். கட்டணம் இல்லாதவர்களுக்கு விளம்பரங்கள் வரும், நாளொன்றுக்கு இத்தனை புதிர்கள்தான் என்ற வரம்பும் உண்டு. லிசெஸ் 2010-இல் பிரான்ஸைச் சேர்ந்த திபோ துப்ளெஸி தொடங்கியது. நன்கொடையில் நடக்கும் லாபநோக்கற்ற தளம். விளம்பரம் அறவே இல்லை, புதிர்களுக்கு வரம்பு இல்லை, ஆடி முடித்ததும் கணினியின் அலசலும் இலவசம். கணக்கே தொடங்காமலும் ஆடலாம். முறையாகக் கற்க விரும்பும் பிள்ளைக்கு முன்னதை வாங்கிக் கொடுப்பேன். அப்பாவுக்குப் பின்னது.

பெரியவர்களுக்கு ஒரு முக்கியக் குறிப்பு: தளத்தைவிடக் கடிகாரம்தான் அவர்களைத் தோற்கடிக்கிறது. பத்து நிமிட ஆட்டத்தில் நல்ல நிலையில் இருந்தும், மவுஸை நகர்த்துவதற்குள் நேரம் முடிந்து அப்பா தோற்றுக்கொண்டே இருந்தார். 15 நிமிடமும் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதலாக 10 நொடியும் கொடுக்கும் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் அவருடைய உண்மையான ஆட்டம் வெளிவந்தது. தாம்பரத்தில் இருக்கும் பேரனோடு ஒரு நகர்த்தலுக்கு மூன்று நாள் அவகாசம் வைத்து ஆடுகிறார். காலையில் காபியோடு ஒரு நகர்த்தல், பள்ளி விட்டு வந்ததும் அவன் பதில்.

படிக்க

மதுரைத் திட்டமா, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமா? முன்னது 1998 பொங்கலன்று தன்னார்வலர்கள் தொடங்கியது. சங்கப் பாடல்கள் முதல் பிற்கால இலக்கியம் வரை எழுத்து வடிவிலேயே உள்ளிடப்பட்டவை. அதனால் கண்ட்ரோல், எஃப் அழுத்தி ஒரு சொல்லைத் தேட முடியும், எழுத்தைப் பெரிதாக்கியும் படிக்கலாம். பின்னதில் பழைய அச்சுப் புத்தகங்களும் இதழ்களும் பக்கம் பக்கமாகப் படமெடுக்கப்பட்டிருக்கின்றன. பெரும்பாலும் படம் என்பதால் உள்ளே சொல்லைத் தேட முடியாது. பக்கங்கள் திறக்கவும் நேரம் பிடிக்கும். ஆனாலும் அந்தக் காலத்து அச்செழுத்தும் விளம்பரங்களும் மஞ்சளேறிய ஓரமும் அப்படியே இருக்கின்றன. கண்புரை அறுவை முடிந்த அப்பாவுக்குத் தினமும் படிக்க மதுரைத் திட்டம்தான் வசதி. மாதம் ஒருமுறை மின்நூலகத்தில் நுழைந்தால் மட்டும் அம்மாவையும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துக்கொள்கிறார்.