நச்சு மண்ணுக்கு ஐந்து லிட்டர் பாக்டீரியா: ஒரு பயன்பாட்டு மதிப்பீடு

பாலாற்றுப் படுகையில், டேனரிகளும் ரசாயன ஆலைகளும் அடுத்தடுத்து அமைந்த பகுதியில் எங்கள் குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது. அதன் கிணற்றில் தண்ணீர் இலேசான மஞ்சள் நிறத்தில் ஊறத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. நிறத்துக்குக் காரணம் குரோமியம்தான் என்று ஆய்வகம் உறுதிசெய்த பிறகு கீரையும் காய்கறியும் பயிரிடுவதை நிறுத்திவிட்டோம். இந்நிலையில்தான் ‘மண்ணிலிருந்து கன உலோகங்களை முற்றிலும் நீக்கும் மேம்படுத்தப்பட்ட பாக்டீரியா’ என்ற விளம்பரத்தைப் பார்த்து, 5 லிட்டர் கேன் 2,900 ரூபாய் வீதம் இரண்டு கேன்கள் வாங்கினேன். இதே வாசகத்துடன் வேறு பெயர்களிலும் கரைசல்கள் கிடைப்பதால், நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

முதல் குறை கேனின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. கசிந்த எண்ணெயைப் பாக்டீரியா உணவாகக் கொண்டு சிதைத்துவிட முடியும். ஆனால் குரோமியம், காட்மியம், ஈயம் போன்றவை தனிமங்கள் என்பதால் எந்த உயிரும் அவற்றைச் சிதைக்க இயலாது. உலோகத்தைத் தன் உடலோடு ஒட்டிப் பிடித்து வைப்பது, அல்லது நீரில் கரையும் வடிவத்திலிருந்து கரையாத வடிவத்துக்கு மாற்றுவது ஆகியவையே பெரும்பாலும் பாக்டீரியாவால் முடிந்த வேலைகள். பாதரசம் போன்ற சிலவற்றை ஆவியாக்கி வெளியேற்றும் திறன் சில பாக்டீரியாக்களுக்கு உண்டு, அதுவும் மண்ணிலிருந்து காற்றுக்கு இடம் மாற்றுவதுதான். ஆகவே ‘நீக்கும்’ என்ற சொல்லுக்குப் பதிலாக ‘கட்டிப்போடும்’ என்று அச்சிட்டிருந்தால் நேர்மையாக இருந்திருக்கும்.

கேனுடன் வந்த துண்டுப் பிரசுரம் இன்னும் துணிச்சலானது. ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையை அது எடுத்துக்காட்டுகிறது. அந்தச் சோதனை உண்மையானது, அழகானதும்கூட. பெல்ஜியத்தில் ஒரு துத்தநாக ஆலையின் கழிவுத் தொட்டியில் கண்டெடுக்கப்பட்ட, உலோக நச்சைத் தாங்கி வாழும் ஒரு பாக்டீரியாவை எடுத்துக்கொண்டு, சுண்டெலியின் மெட்டலோதயோனின் என்ற புரதத்தை அதன் வெளிப்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்குமாறு மரபணுவை மாற்றியமைத்தார்கள். கந்தகம் கொண்ட சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் நிறைந்த அந்தப் புரதம் காட்மியத்தை இறுகப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. அந்தப் பாக்டீரியாவைக் காட்மியம் கலந்த மண்ணில் இட்டபோது, அங்கே வளர்ந்த புகையிலை இனச் செடிகளின் மீதான நச்சு விளைவு கணிசமாகக் குறைந்தது. ஆனால் காட்மியம் நேர்மின் அயனி. எங்கள் கிணற்றை மஞ்சளாக்கும் ஆறு இணைதிறன் குரோமியமோ (குரோமியத்தின் அதிக நச்சுள்ள வடிவம்), ஆக்சிஜனுடன் சேர்ந்து குரோமேட் என்ற எதிர்மின் அயனியாக நீரோடு ஓடுவது. காட்மியத்துக்காகச் செய்த பொறி குரோமேட்டைப் பிடிக்காது. பிரசுரத்தை அச்சிட்டவருக்கு இது தெரியாமல் இருந்திருக்கலாம். தெரிந்தும் அச்சிட்டிருந்தால் அது வேறு விஷயம்.

மேலும், கேனில் இருப்பது மரபணு மாற்றப்பட்ட பாக்டீரியாவே இல்லை. அப்படி ஒன்றை இந்தியாவில் திறந்த நிலத்தில் விடுவதற்கு, 1989ஆம் ஆண்டு விதிகளின்படி மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் எண்ணைத் தொலைபேசியில் கேட்டபோது, “மேம்படுத்தப்பட்டதுன்னா லேப்ல நல்லா வளர்த்ததுன்னு அர்த்தம் சார்” என்று பதில் வந்தது. லேபிளில் பேசில்லஸ், சூடோமோனாஸ் என்ற இரு பேரினப் பெயர்கள் மட்டுமே உள்ளன. இந்த இனங்களில் குரோமேட்டை மூன்று இணைதிறன் குரோமியமாக மாற்றக்கூடியவை உண்மையிலேயே உண்டு. அந்த வடிவம் நடுநிலை மண்ணில் ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடுவதால் கிணற்றுக்கு எளிதில் இறங்காது. எனவே பொருள் முழு ஏமாற்று என்று சொல்ல மாட்டேன்.

200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, 2 கிலோ வெல்லமும் ஒரு கேன் கரைசலும் சேர்த்து ஐந்து நாள் வைத்து, தொழுவுரம் இட்ட பாத்தியில் ஊற்ற வேண்டும் என்பது செய்முறை. நான் ஒரே அளவில் இரண்டு பாத்திகள் அமைத்து, ஒன்றில் முறைப்படி கரைசலையும், மற்றொன்றில் கரைசல் இல்லாத வெல்லத் தண்ணீரையும் ஊற்றினேன். தொழுவுரமும் பாசனமும் இரண்டுக்கும் சமம். வழக்கமான மண் பரிசோதனையில் தழை, மணி, சாம்பல் போன்ற சத்துகளைத்தான் பார்ப்பார்கள் என்பதால், மொத்தக் குரோமியத்தையும் ஆறு இணைதிறன் குரோமியத்தையும் தனித்தனியே அளக்கும் ஒரு தனியார் ஆய்வகத்துக்கு, தொடக்கத்திலும் நான்கு மாதம் கழித்தும் மாதிரிகளை அனுப்பினேன். கரைசலுக்கு ஆனதைவிட இந்தச் சோதனைகளுக்கே அதிகம் செலவானது.

கரைசல் ஊற்றிய பாத்தியில் ஆறு இணைதிறன் குரோமியம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. மொத்தக் குரோமியம் அப்படியே இருந்தது, இருக்கத்தான் வேண்டும். என்னை வியப்பில் ஆழ்த்தியது, வெறும் வெல்லத் தண்ணீர் ஊற்றிய பாத்தியிலும் ஏறத்தாழ அதே அளவு இறக்கம் காணப்பட்டதுதான். பிறகு யோசித்தால் இதில் புதிர் எதுவும் இல்லை. இத்தனை ஆண்டுகள் குரோமேட்டோடு வாழ்ந்து பழகிய பாக்டீரியாக்கள் எங்கள் மண்ணிலேயே இருந்திருக்கும். அவற்றுக்குக் குறைவாக இருந்தது உணவு. வெல்லமும் தொழுவுரமும் அந்தக் குறையைத் தீர்த்தன, மண்ணில் சேர்ந்த கரிமப் பொருளே நேரடியாகவும் ஓரளவு குரோமேட்டை மாற்றியிருக்கும். இரண்டே பாத்திகளை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் 2,900 ரூபாய்க்குத் தனிப் பயன் இருந்தது என்பதற்கு என்னிடம் சான்று இல்லை.

கேன் சேதமின்றி மூன்று நாளில் வந்து சேர்ந்தது, தொலைபேசியில் பேசியவரும் பொறுமையாகவே பேசினார். ஆனால் எச்சரிக்கை எதுவும் தரவில்லை. மாங்கனீசு ஆக்சைடு உள்ள மண்ணில் மூன்று இணைதிறன் குரோமியம் மீண்டும் பழைய நச்சு வடிவத்துக்குத் திரும்பக்கூடும் என்பதால், ஒருமுறை ஊற்றிவிட்டுக் கீரை விதைப்பது ஆபத்து. பிரசுரமோ ‘60 நாளில் எந்தப் பயிரும் செய்யலாம்’ என்கிறது. இந்த ஒரு வரிக்காகவே ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் தர மனம் வரவில்லை.

இரண்டாவது கேன் திறக்கப்படாமல் மோட்டார் அறையில் கிடக்கிறது. அடுத்த நான்கு பாத்திகளுக்கு வெல்லம் மட்டும் வாங்கியிருக்கிறேன். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் மாதிரிகள் மறுபடி ஆய்வகத்துக்குப் போகும்.